வேகம் தாழும்போது விமானியை எச்சரித்தல்



வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பட்டம் ஏற்றுவோரை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பெரிய பட்டங்களுக்கு விண் கட்டி ஏற்றுவது அங்கு வழக்கம். ஏற்றியவன் எந்நேரமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கயிற்றை வேலிக் கதிகாலிலே கட்டிவிட்டுத் தன் அலுவலைக் கவனிப்பான். ஆனால் விண்ணின் கூவல் சற்றே தளர்ந்தாலும், காற்று விழுகிறது என்பதை அவன் காது அவனுக்குச் சொல்லிவிடும். உடனே ஓடிச்சென்று கயிற்றைப் பற்றிப் பட்டத்தைக் காப்பாற்றுவான். கண் வேறிடத்தில் இருக்கும்போது காது காவல் செய்கிறது.

ஆகாய விமானத்துக்கும் இத்தகைய ஒரு காவல் வேண்டும். வேகம் அளவுக்குமேல் குறைந்துவிட்டால் அதனை விமானிக்கு எப்போது அறிவிப்பது, எவ்வாறு அறிவிப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது எளிய காரியம்போலத் தோன்றும். வேகத்தைக் காட்டும் கருவி விமானியின் முகத்துக்கு நேரேதானே இருக்கிறது, அதற்கு மேலும் ஓர் எச்சரிக்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்விக்குரிய விடையைப் பல உயிர்களை இழந்தே உலகம் கற்றுக்கொண்டது.

முதலில், வேகம் குறைந்தால் விமானத்துக்கு நேர்வது என்ன என்பதைப் பார்ப்போம். விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கையைத் தழுவி ஓடும் காற்று. அக்காற்றினால் உண்டாகும் தூக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியாகக் குறைந்தால் தூக்கும் விசை காற்பங்காகிவிடும். இதனை ஈடுசெய்ய விமானி மூக்கைச் சற்று உயர்த்துவார். அப்போது இறக்கை காற்றைக் கூடிய கோணத்தில் எதிர்கொள்ளும். தூக்கும் விசையும் மீண்டும் கூடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கையொன்றில் அக்கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும், மேற்பரப்பைத் தழுவி வந்த காற்று அதனை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். தூக்கும் விசை திடீரெனச் சரிந்துவிடும். விமானிகள் ‘ஸ்டோல்’ என்று வழங்கும் இந்நிலையை நாம் தூக்கிழப்பு என்று கூறுவோம்.

தூக்கிழப்பிலிருந்து மீள்வதற்கு வழி உண்டு. மூக்கைத் தாழ்த்தி, கோணத்தைக் குறைத்து, எஞ்சினின் வலுவைக் கூட்டினால் காற்று மறுபடியும் இறக்கையைத் தழுவும். ஆனால் அதற்கு விலையாக உயரத்தை இழக்கவேண்டும். முப்பதினாயிரம் அடி உயரத்திலே பறப்பவருக்கு அந்த விலையைக் கொடுக்க இயலும். ஓடுபாதையை நெருங்கி, தரையிலிருந்து இருநூறு அடி உயரத்தில் வருபவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவேதான் தரையிறங்கும் வேளையிலே வேகம் தாழ்வது எல்லாவற்றிலும் கொடியது.

வேகத்தை அளக்கும் முறை பழையது. 1732ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியியலறிஞரான ஹென்றி பித்தோ, வளைந்த குழாயொன்றை ஆற்றினுள்ளே நாட்டி, நீரின் ஓட்டத்தை அதன் அமுக்கத்தைக் கொண்டு அளந்தார். இன்றைய விமானங்களின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்களும் இதே தத்துவத்தைக் கொண்டே காற்றின் அமுக்கத்திலிருந்து வேகத்தைக் கணிக்கின்றன.

ஆயினும் வேகத்தைக் காட்டும் இலக்கம் மட்டும் அபாயத்தைக் காட்டாது. தூக்கிழப்பு நேரும் வேகம் என்றும் ஒன்றாக இருப்பதில்லை. எரிபொருள் நிறைந்து பாரமாக இருக்கும்போது அது கூடும். இறக்கையின் மடிப்புகளை விரித்தாற் குறையும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது மறுபடியும் கூடும். உயரம் மாறாது 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் அது நேராகப் பறக்கும்போது உள்ளதைவிட 41 சதவீதம் அதிகமாகும். ஆகவே விமானி அறியவேண்டியது தம் வேகம் எவ்வளவு என்பதை மட்டுமன்று. அபாய எல்லையிலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் அறியவேண்டும்.

முற்காலத்தில் இதனை விமானமே சொல்லிற்று. தூக்கிழப்பு நெருங்கும்போது, பிரிந்த காற்று வாற்பகுதியில் மோதி விமானத்தை உதறும். அனுபவமுள்ள விமானி அந்த உதறலைத் தம் உடம்பிலே உணர்ந்துகொள்வார். சிறிய விமானங்கள் சிலவற்றில் எளிய ஊதுகருவி ஒன்றும் உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலே ஒரு துவாரம். அதனுடன் இணைந்த குழாயில், ஆர்மோனியத்தினுள் இருப்பது போன்ற ஒரு சிறு நாக்கு. இறக்கையின் கோணம் கூடும்போது துவாரத்தருகே காற்றமுக்கம் குறைகிறது, காற்று உறிஞ்சப்படுகிறது, நாக்கு அதிர்ந்து ஓலமிடுகிறது. மின்சாரமும் வேண்டியதில்லை, கணக்கும் வேண்டியதில்லை. நம் பட்டத்தின் விண்ணுக்கு இதனை ஒன்றுவிட்ட சகோதரன் என்றே கூறலாம்.

பெரிய ஜெட் விமானங்கள் வந்தபோது இந்த இயற்கையான உதறலை நம்பியிருக்க முடியவில்லை. அதனால் விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டையே கடகடவென்று நடுங்கச் செய்யும் கருவி பொருத்தப்பட்டது. 1963 அக்டோபர் 22ஆந் தேதி, இங்கிலாந்தில் ஒரு புதிய ஜெட் விமானத்தைச் சோதனை செய்தபோது, அது மீளமுடியாத தூக்கிழப்பில் வீழ்ந்து எழுவர் மாண்டனர். எஞ்சின்கள் பின்புறத்திலும், கிடைவால் உச்சியிலும் அமைந்த அவ்வகை விமானங்களில், பிரிந்த காற்று வாலையே மூடிவிடும். மூக்கைத் தாழ்த்தும் வல்லமையும் போய்விடும். அத்தகைய விமானங்களுக்கு, நடுக்கத்துக்குப் பின்னும் விமானி செயற்படாவிடில் தண்டைத் தானாகவே முன்னுக்குத் தள்ளும் கருவியும் வேண்டியதாயிற்று.

பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதிகளின்படி, விமானம் மெல்ல வேகமிழந்துவரும்போது, தூக்கிழப்பு நேரும் வேகத்துக்கு மணிக்கு 5 கடல் மைலோ அல்லது 5 சதவீதமோ, இவற்றுட் பெரியது எதுவோ அவ்வளவேனும் முன்னதாகத் தூக்கிழப்பு எச்சரிக்கை தொடங்கவேண்டும். அந்த இடைவெளி சிறியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டு நடுங்குவது கடைசி எச்சரிக்கை. அதற்கு முன்னரே, அமைதியாக, ‘வேகம் தாழ்கிறது’ என்று சொல்லும் முதல் எச்சரிக்கை ஒன்று வேண்டாமா? அதனை அமைப்பதிலேதான் சிக்கல்கள் எழுகின்றன.

1980களின் பிற்பகுதியில் வட்டமான முள் வேகமானிகளின் இடத்தைத் திரைகள் பிடித்துக்கொள்ளத் தொடங்கின. திரையின் இடது பக்கத்தில் வேகத்தின் இலக்கங்கள் ஒரு நாடாவைப் போல மேலும் கீழும் நகரும். நாடாவின் அடியில், தண்டு நடுங்கத் தொடங்கும் எல்லை சிவப்பு நிறத்திற் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே, போதிய பாதுகாப்பில்லாத வேகம் மஞ்சள் நிறப் பட்டையாகத் தெரியும். பாரமும் சாய்வும் மாறும்போது கணக்கிடும் யந்திரம் இப்பட்டைகளையும் மேலும் கீழும் நகர்த்தும். இன்னும் 10 விநாடியில் வேகம் எவ்வளவாக இருக்கும் என்பதைக் காட்டும் ஓர் அம்பும் உண்டு. பழைய முள்வேகமானியில் இல்லாத நன்மைகள் இவை. ஆனால் பழையதில் ஒரு சிறப்பு இருந்தது. முள் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை விமானி ஒரு கடைக்கண் பார்வையிலே அறிந்துகொள்வார். நாடாவையோ ஊன்றிப் பார்த்துப் படிக்கவேண்டும்.

பார்க்காதவருக்கு அந்தப் பட்டைகளால் என்ன பயன்? 2009 பெப்ரவரி 25ஆந் தேதி, துருக்கியிலிருந்து சென்ற போயிங் 737 விமானமொன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் தரையிறங்க வந்தது. அதன் இடது பக்கத்து உயரமானி பழுதாகி, விமானம் தரைக்கு 8 அடி கீழே இருப்பதாகக் காட்டிற்று. எஞ்சினின் வலுவைத் தானாகக் கட்டுப்படுத்தும் யந்திரம் இதனை நம்பி, விமானம் ஓடுபாதையைத் தொடுகிறது என்று கருதி, வலுவை முற்றாகக் குறைத்துவிட்டது. அவ்வேளையில் விமானம் இறங்குபாதைக்குச் சற்று மேலே இருந்தமையால், வலு குறைந்தது இயல்பானதாகவே தோன்றிற்று. வேகம் மணிக்கு 126 கடல் மைலாகக் குறைந்தபோது திரையிலே வேகத்தைச் சுற்றியிருந்த கட்டம் நிறம் மாறி மின்னத் தொடங்கியது. அதனை எவரும் கவனித்துச் செயற்படவில்லை. தண்டு நடுங்கியபோது உயரம் ஏறத்தாழ 460 அடி. மீள முடியவில்லை. விமானத்தில் இருந்த 135 பேரில் 9 பேர் உயிரிழந்தனர்.

ஓசையின்றி மின்னிய அந்தக் கட்டம் எதைப் போன்றது தெரியுமா? ஆளில்லாத வீட்டு வாசலிற் போட்ட கடிதம் போன்றது. தரையிறங்கும் விமானியின் கண்ணுக்கு வேலை அதிகம். ஓடுபாதையைத் தேடவேண்டும், படிக்கவேண்டிய பட்டியல்களைப் படிக்கவேண்டும். மேலும், வேகத்தைக் காக்கும் பொறுப்பு யந்திரத்திடம் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர் மனத்திலே உண்டு. யந்திரம் நூறு தடவை சரியாகச் செய்த வேலையை நூற்றோராவது தடவையும் சரியாகச் செய்யும் என்று நம்புவது மனித இயல்பு. கவலையீனம் என்று அதனைக் கடிந்துகொள்வதால் விமானம் பாதுகாப்பாகிவிடாது. அந்த இயல்பை அறிந்து அமைப்பதே பொறியியலாளர் கடமை.

அப்படியானால் ஓசை சேர்த்துவிட்டாற் போதுமா? அடுத்த கதையைக் கேளுங்கள். 2013 ஜூலை 6ஆந் தேதி, கொரியாவின் தலைநகரிலிருந்து 307 பேருடன் வந்த போயிங் 777 விமானம் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை நெருங்கியது. வானம் தெளிவாக இருந்தது. விமானி அறையில் மூவர் இருந்தனர். வேகம் மணிக்கு 137 கடல் மைலாக இருந்திருக்கவேண்டும். இறங்கும் வழியிலே செய்த ஒரு மாற்றத்தால், தானாக வலுவைக் கட்டுப்படுத்தும் யந்திரம் வேகத்தைக் காக்கும் பணியை விட்டுவிட்டது. அது தொடர்ந்து காக்கிறது என்றே விமானிகள் எண்ணினர். எஞ்சின்கள் வலுவின்றிச் சுழன்றுகொண்டிருக்க, வேகம் வழுகி வழுகிக் குறைந்தது. கடற்சுவரில் விமானம் மோதுவதற்கு 11 விநாடிகள் இருக்கும்போது எச்சரிக்கை ஒலி நான்கு முறை ஒலித்தது. சுமார் 7 விநாடிகள் இருக்கும்போது எஞ்சின் நெம்புகோல்கள் முன்னுக்குத் தள்ளப்பட்டன. சுமார் 4 விநாடிகள் இருக்கும்போது தண்டு நடுங்கிற்று. வேகம் 103 கடல் மைல்வரை தாழ்ந்திருந்தது. வாற்பகுதி சுவரில் மோதி முறிந்தது. மூவர் மாண்டனர், பலர் படுகாயமுற்றனர்.

நேயர்களே, இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒலித்த ஒலி அந்த விமானத்தில் பலவகை எச்சரிக்கைகளுக்கும் பொதுவானது. எதைப்பற்றிய எச்சரிக்கை என்பதை அறியத் திரையைப் பார்த்து எழுத்தைப் படிக்கவேண்டும். படித்து, விளங்கி, கையை நகர்த்துவதற்குள் மூன்று நான்கு விநாடிகள் கழிந்துவிடும். வலுவின்றிச் சுழலும் ஜெட் எஞ்சின், நெம்புகோலைத் தள்ளியவுடனே முழு வலுவைத் தந்துவிடாது. அதற்கு 8 விநாடிகள்வரை செல்லலாம். நான்கும் எட்டும் பன்னிரண்டு. கையிலிருந்ததோ பதினொன்று. எச்சரிக்கை பழுதின்றி ஒலித்தது. அமைக்கப்பட்டபடியே வேலை செய்தது. ஆனால் காலங்கடந்து ஒலித்தது. உயரே பறக்கும்போது 11 விநாடி தாராளம். தரையருகே அது போதாது.

அந்த எச்சரிக்கைக்கு வேகத்தின் எல்லை தெரிந்திருந்தது. ஆனால் தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும், எஞ்சின் எந்நிலையில் இருக்கிறது என்பதையும், வலு திரும்ப எத்தனை விநாடி வேண்டும் என்பதையும் அது எண்ணிப்பார்க்கவில்லை. ஆகையால், சூழ்நிலையை அறிந்து ஒலிக்கும் எச்சரிக்கைகளுக்குரிய விதிகளை வகுக்கவேண்டுமென 2014ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பரிந்துரைத்தது. அவ்வழியிற் செல்லும் ஓர் ஏற்பாடு ஐரோப்பிய ஏர்பஸ் விமானங்களில் முன்னரே உண்டு. ஏ320 வகை விமானம் தரையிறங்குவதற்கு இறக்கை மடிப்புகளை விரித்த நிலையில் 100 அடிக்கும் 2000 அடிக்கும் இடையில் வரும்போது, வலுவைக் கூட்டாமல் மூக்கை மட்டும் உயர்த்திப் பாதையைக் காக்க முடியாத நிலை வந்தால், ஒரு குரல் ‘வேகம், வேகம், வேகம்’ என்று ஆங்கிலத்திற் கூறும். பொதுவான மணியோசையைவிட இது மேலானது. என்ன குறை என்பதை அக்குரலே சொல்லிவிடுகிறது. திரையைத் தேடிப் படிக்கவேண்டியதில்லை.

எல்லையை உயர்த்தி, எச்சரிக்கையை இன்னும் முன்னதாகவே ஒலிக்க விட்டால் என்ன என்று நீங்கள் எண்ணலாம். அங்கேதான் ‘புலி வருகிறது’ என்று கத்திய இடையன் கதை குறுக்கே வருகிறது. காற்று வீசியடிக்கும் நாளில் ஒழுங்காக இறங்கும் விமானத்தின் வேகமும் சில கடல் மைல்கள் ஏறியிறங்கும். ஒவ்வொரு தடவையும் மணி ஒலித்தால், விமானி அதனைக் கேட்டும் கேளாதவராகப் பழகிவிடுவார். பொய்யாக ஒலிப்பது எரிச்சலை மட்டும் தருவதன்று. 2018 அக்டோபர் 29ஆந் தேதி இந்தோனேசியக் கடலில் வீழ்ந்து 189 பேரைப் பலிகொண்ட விமானத்தில், கோணத்தை அளக்கும் உணரி ஒன்று பிழையாக இருந்தமையால், பறப்பின் பெரும்பகுதியிலும் தலைமை விமானியின் தண்டு காரணமின்றி நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த விமானத்தைக் கீழே தள்ளியது வேறொரு யந்திர ஏற்பாடு. ஆயினும் அபாயத்தின் நடுவிலே பொய்யெச்சரிக்கையும் சேர்ந்து சிந்தனையைக் குழப்பிற்று.

பொய்யாக ஒலிப்பது ஒரு குற்றமென்றால், ஒலிக்கவேண்டிய வேளையிலே மௌனமாவது அதனினும் பெரிய குற்றம். 2009 ஜூன் 1ஆந் தேதி அத்திலாந்திக் சமுத்திரத்தில் 228 பேருடன் வீழ்ந்த பிரெஞ்சு விமானத்தின் கதை இது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி சிறிது நேரம் அடைத்துவிட்டது. விமானி மூக்கை உயர்த்தியதால் விமானம் தூக்கிழப்பில் ஆழ்ந்தது. எச்சரிக்கை 54 விநாடிகள் விடாது ஒலித்தது. பின்னர், அளந்த வேகம் 60 கடல் மைலுக்குக் கீழே சென்றதும், இத்தகைய அளவை நம்பமுடியாது என்று கணக்கிடும் யந்திரம் அதனைத் தள்ளிவிட்டது, ஒலியும் நின்றது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது அளவு மீண்டும் நம்பத்தக்கதாகி, எச்சரிக்கை திரும்பவும் ஒலித்தது. சரியான செயலைச் செய்யும்போது கூச்சல், பிழையானதைச் செய்யும்போது மௌனம்! தரையில் அமைதியாக இருந்து விதி எழுதியவர், விமானம் அத்துணை மெதுவாக வானிற் செல்லும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.

எச்சரிக்கை கடைசி வேளையிலே மட்டும் உரத்துக் கத்துமானால், அதுவும் தீங்காகலாம். 2009 பெப்ரவரி 12ஆந் தேதி இரவு அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே, தாழ்ந்த வேகத்திற் சென்ற விமானத்தின் தண்டு நடுங்கியது. திடுக்குற்ற விமானி அதனை முன்னுக்குத் தள்ளாமல் பின்னுக்கு இழுத்தார். தரையிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டனர். திடுக்கிட்ட மனம் பயின்ற பாடத்தை மறந்துவிடும். அதனாலேயே, மெல்லத் தொட்டு எழுப்பும் முதல் எச்சரிக்கை, உலுக்கி எழுப்பும் இரண்டாவது எச்சரிக்கைக்குப் போதிய காலத்துக்கு முன்னதாக வரவேண்டும்.

இவ்வளவு அனுபவங்களிலிருந்தும் திரட்டக்கூடிய நெறிகள் சிலவே. எச்சரிக்கை கண்ணுக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. கண், காது, கை ஆகியவற்றுள் இரண்டையேனும் அது தொடவேண்டும். விமானி உடனே அறியவேண்டிய எச்சரிக்கைகளுக்கு இன்றைய அமெரிக்க விதிகளும் இதனையே கேட்கின்றன. உடனே செயற்படவேண்டியதற்குச் சிவப்பு, கவனிக்கவேண்டியதற்கு மஞ்சள் என்ற வேறுபாட்டை மயக்கக் கூடாது. ஓசை தன் பொருளைத் தானே சொல்லவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எச்சரிக்கை ஒலிக்கும் நேரத்தை விமானத்தின் வேகத்திலிருந்து மட்டும் கணிக்காமல், மனிதன் விளங்கிக்கொள்ள வேண்டிய விநாடிகளையும், எஞ்சின் விழித்துக்கொள்ள வேண்டிய விநாடிகளையும், தரைவரையுள்ள விநாடிகளையும் சேர்த்தே கணிக்கவேண்டும்.

இக்கருத்து திடீரெனத் தோன்றியதன்று. 2002 அக்டோபர் 25ஆந் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செனட்டர் போல் வெல்ஸ்டன் உட்பட எண்மர் சென்ற சிறு விமானம், தரையிறங்க வரும்போது வேகமிழந்து வீழ்ந்தது. ஒருவரும் தப்பவில்லை. அதனை ஆராய்ந்த அதே பாதுகாப்புச் சபை, வேகம் தாழ்வதை அறிவிக்கும் தனி எச்சரிக்கையின் சாத்தியத்தை நிபுணர் குழுவொன்று ஆராயவேண்டுமென 2003ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், தெளிந்த வானத்தின் கீழ், மூன்று விமானிகள் இருந்த அறையில் அதே பாடத்தை மீண்டும் படிக்கவேண்டியதாயிற்று. அறிவு வருவதற்கும், அறிந்தது விமானத்திலே கருவியாகப் பொருந்துவதற்கும் இடையில் ஆண்டுகள் செல்கின்றன. அந்த ஆண்டுகளின் செலவைப் பயணிகள் சிலர் தம் உயிராற் கொடுக்கிறார்கள்.

எச்சரிக்கைக் கருவி விமானியின் இடத்தைப் பிடிக்க வந்ததன்று. வேகத்தைக் கவனிப்பது என்றும் அவர் கடமையே. ஆனால் நல்ல மனிதருக்கும் கண் ஒரு கணம் வேறிடம் செல்லும்; மனம் ஒரு கணம் அயரும். அக்கணத்தில், பட்டக்காரனை அழைக்கும் விண்ணின் கூவலைப் போல, தவறாமலும் வீணாக அலறாமலும், செயற்படுவதற்குக் காலம் இருக்கும்போதே அவரை அழைக்க ஒரு குரல் வேண்டும். அது சில விநாடிகள் முந்தினால் ஒரு விமானம் ஓடுபாதையைச் சேரும்; சில விநாடிகள் பிந்தினால் அதே விமானம் சுவரைச் சேரும்.